முப்பத்தேழரை

கைபேசியைப் பிடிப்பது மட்டும்தான் என் வேலை.
பிஷ்கெக்கில், தொர்தோய் சந்தையில்,
இரண்டடுக்காய் நிற்கும் இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே
கையுறையில் கட்டைவிரல் நுனியை வெட்டிவிட்டு
காலை ஆறு மணிக்கு ஜிபார் அண்ணியை
நேரலையில் காட்டுவேன்.
மைனஸ் பதினெட்டு.
"கை ஆடுது, நேராப் பிடி."

முதல் மாதம் பார்த்தவர்கள் ஒன்பது பேர்.
மூவர் உறவு.
ஒருவர் வழிதவறி வந்தவர்,
இன்னும் போகவில்லை.
ரஷ்யாவில் லாரி ஓட்டும் அண்ணன் பார்ப்பதில்லை,
தூங்குகிறானாம்.

அண்ணிக்கு விற்கத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.
"இந்த ஜிப் பிப்ரவரி வரைக்கும் தாங்காது.
இது தோல் இல்லை, தோல் மாதிரி.
உள்ளே ஆட்டு ரோமம்னு பெட்டி சொல்லுது,
ஆடு அப்படிச் சொல்லாது."
பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு
குழாய் வெடித்து உறைந்துகிடக்கும் கண்ணாடித் தரையில்
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பாள்.
வழுக்கி விழுந்தால் விலையைக் குறைப்பாள்.
அதுதான் கணக்கு.
ஒருநாள் முழங்கை பிசகியது.
அன்றைக்குத்தான் நூறைத் தாண்டினோம்.

எதிர்வரிசை எர்மெக்
ஒரே இரவில் பதினோராயிரம் பேரைச் சேர்த்தான்,
காசு கொடுத்து.
பதினோராயிரம் பேரில்
ஒருவருக்கும் கால் இல்லை போலும்,
ஒருவரும் அளவு கேட்கவில்லை.
மதியம் எங்கள் அடுப்பில் கை காய வந்தவன்
"உனக்கு எத்தனை பேர்?" என்றான்.
"நானூத்திப் பன்னிரண்டு."
"அத்தனையும் நிஜமா? எப்படிச் சேர்த்தே?"
முழங்கைக் கட்டைக் காட்டினாள்.
"விழுந்து விழுந்துதான்."

அவளிடம் ஒரு கோடு போட்ட நோட்டு உண்டு.
எர்மெக்குக்கு அதைக் காட்டவில்லை.

நரின்: முப்பத்தெட்டு, இடது கால் கொஞ்சம் பெரிசு.
ஓஷ்: மருமகளுக்கு, மாமியாருக்குத் தெரியாமல்.
தலாஸ்: நாற்பத்திரண்டு, பெண்தான், திரும்பக் கேட்காதே.
மாஸ்கோ, சோல்பொன்: முப்பத்தேழரை,
ராத்திரி முழுக்க கடைத்தொகுதியில் தரை கழுவுகிறாள்,
விடியும்போது முப்பத்தொன்பது.

பின்தொடர்பவர்கள் என்கிறது திரை.
எனக்கென்னவோ
அண்ணிதான் அவர்கள் பின்னால் போகிறாள் என்று பட்டது,
ஈரத்தரையில் பதிந்த தடம் பார்த்துப் பார்த்து.

சோல்பொன்தான் தினமும் முதலில் வருவாள்.
அங்கே மணி மூன்று, வேலையில் இடைவேளை.
ஒரு தேநீர்க் கோப்பைப் படம் போடுவாள், அவ்வளவுதான்.
ஜனவரி ஏழாம் தேதி கோப்பை வரவில்லை.
எட்டாம் தேதியும்.
பத்தாம் தேதி அண்ணி
விற்பதைப் பாதியில் நிறுத்திவிட்டு
"முப்பத்தேழரை எங்கே?" என்றாள்.
நானூறு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அப்புறம் கசானில் யாருக்கோ ஒரு சித்தி,
சித்திக்குத் தெரிந்த ஒரு விடுதி,
விடுதி வாசலில் சிகரெட் பிடிக்கும் காவலாளி.
அறை காலி என்றான்.
அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது.

அன்று ஒரு ஜோடிகூட விற்கவில்லை.
யாரும் விலகிப் போகவும் இல்லை.
என் கை மரத்துவிட்டது,
இடது கைக்கு மாற்றினேன்.
மேல்தட்டில் ஒதுக்கிவைத்த பழுப்புநிற ஜோடியை
எத்தனை பேர் கேட்டும் அண்ணி இறக்கவில்லை.
"ஆள் இருக்கு அதுக்கு."

பத்தொன்பதாம் நாள்
படமில்லாத புதுக் கணக்கு ஒன்று வந்தது.
பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி.
கோப்பை இல்லை.
ஒரே வரி:
"முப்பத்தொன்பது போடுங்க. இனிமே எப்பவும்."

நான் அண்ணியைப் பார்த்தேன்.
கருவோ, வீக்கமோ, நின்று நின்று தேய்ந்த ஊழியமோ,
எதையும் அவள் கேட்கவில்லை.
பழுப்பு ஜோடியை இறக்கினாள்,
அதைப் பெட்டியில் வைத்து மூடினாள்,
வேறொரு பெட்டி திறந்தாள்.
அவள் கால் முப்பத்தாறு.
முப்பத்தொன்பதை மாட்டிக்கொண்டு
படகில் நிற்கிற குழந்தைபோல
கண்ணாடித் தரையில் இறங்கினாள்.

போனாள்.
திரும்பி வந்தாள்.
விழவில்லை.

விலையைக் குறைத்தாள்.